மறுபயனியல்: சூத்திரமும் தென்னேரி உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாததை நூலாகவே மதிக்காத மரபு நம்முடையது. ஆகவே நிரல் எழுதுவோருக்கான இச்சிறு நூலுக்கும் பாயிரம் உண்டு. பாயிரத்துக்கு உரியவை எட்டு என்பர். காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். நேரம் கருதி எட்டோடு நிறுத்துகிறோம்.

ஆக்கியோன் பெயர்: சொல்வதற்கில்லை, வேலைநேரத்தில் எழுதியது. வழி: தொல்காப்பியரும் பவணந்தியாரும், நடுவே சிறிது கேம்பிரிட்ஜும். எல்லை: வடக்கே சுங்குவார்சத்திரம், தெற்கே வாலாஜாபாத், கிழக்கே ஒரகடம், மேற்கே காஞ்சிபுரம், இவற்றுக்கு இடைப்பட்ட தென்னேரி. கிழக்கே போனால் கார்த் தொழிற்சாலை, மேற்கே போனால் பட்டுத்தறி. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மடிக்கணினியில் நிரல் எழுதுவோர்க்கு இதைவிடப் பொருத்தமான எல்லை அமையாது. நூற்பெயர்: மறுபயனியல். அலுவலகத்தில் 'ரீயூஸ்' என வழங்குவதை இந்நூல் மறுபயன் எனக் குறியிட்டு ஆள்கிறது. ஆசிரியன் தன் குறியையே திரும்பத் திரும்ப எடுத்தாளலாம் என்று பவணந்தியாரே உத்தி வகுத்துக் கொடுத்திருக்கிறார். யாப்பு: ஆசிரியப்பா, தளை தட்டுமிடத்து அச்சுப்பிழை எனக் கொள்க. நுதலிய பொருள்: ஒருவர் எழுதிய நிரல்துண்டைப் பலர் எடுத்தாளுதல். கேட்போர்: தறிக்குழியில் இருப்போரும், குளிரூட்டிய அறையில் இருப்போரும். பயன்: நிரலர்க்கு வேலை குறையும் என்பது பொதுவிதி. குறைந்த நேரத்துக்கு வேறு வேலை கொடுக்கப்படும் என்பது சிறப்புவிதி.

சூத்திரம் 1

செய்தது மீண்டும் செய்யாமை மறுபயன்;
செய்ததை வைத்த இடமறி யாக்கால்
செய்யாத தாகும் செய்ததும் என்ப.

என்னுதலிற்றோ எனின், மறுபயன் என்பதன் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று.

முதலடி எல்லாருக்கும் தெரியும். எல்லா மேலாளரும் அதையே சொல்கிறார்கள். சூத்திரத்தின் உயிர் இரண்டாம் அடியில் இருக்கிறது. மறுபயனுக்கு முதல் தேவை அறிவன்று, அலமாரி. கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினிக்கு அப்படி ஓர் அலமாரி இருந்தது. சைன் கணக்கிடுவது, வர்க்கமூலம் காண்பது, விடையை அச்சிடுவது போன்ற வேலைகளுக்கான துணைநிரல்களைக் காகிதச் சுருளில் துளையிட்டு, சுருளுக்கு ஒரு பெயரிட்டு, அதில் அடுக்கி வைத்தார்கள். 1951-இல் அப்படி 87 துணைநிரல்கள் இருந்தன. வேண்டியவன் சுருளை எடுத்துத் தன் நிரலோடு படியெடுத்துக்கொண்டு, சுருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அங்கிருந்த வில்க்ஸ், வீலர், கில் மூவரும் அதே ஆண்டில் இம்முறையை நூலாகவும் எழுதினர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஹார்வர்டில் கிரேஸ் ஹாப்பரின் குழுவினர் ஒருவர் குறிப்பேட்டிலிருந்து இன்னொருவர் கையால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுகையில் பிழை, முகவரி எண்களை மாற்றிக் கூட்டுகையில் அதைவிடப் பெரும்பிழை. அந்தச் சலிப்பில்தான் படியெடுக்கும் வேலையைக் கணினியிடமே விடலாம் என்ற யோசனை ஹாப்பருக்கு வந்தது. 1952-இல் அதைச் செய்யும் ஏ-0 என்ற நிரல் பிறந்தது.

காஞ்சித் தறியில் இது புதிதன்று. ஜக்கார்டு வருமுன் அடை என்ற முறை இருந்தது. கரையில் எந்தப் பாவிழை எப்போது எழ வேண்டும் என்பதைக் கயிற்று முடிச்சுகளில் கட்டி வைத்துவிடுவார்கள். ஒருமுறை கட்டிவிட்டால், துணையாள் அந்தந்தக் கயிற்றை இழுக்க இழுக்க, அதே அன்னமும் அதே ருத்ராட்சமும் புடவைக்குப் புடவை வந்துகொண்டே இருக்கும். அன்னத்தைக் கண்ணால் பார்த்து நெய்தவன் ஒருவன். பின்னால் வந்தவரெல்லாம் முடிச்சைப் பார்த்து நெய்தவர்கள். நிரல் என்ற சொல் இல்லாத காலத்து நிரல் இது என்று சொல்ல உரைகாரருக்கு ஆசை உண்டு, சொல்லிவிட்டார்.

பின்பு ஜக்கார்டு பெட்டி வந்தது. ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் லியோனில் முடித்த இயந்திரத்தை அவரே முழுதும் புதிதாகச் செய்தார் என்பது பள்ளிப்பாட வழக்கு. உண்மையில் அதுவே வழிநூல். 1725-இல் புஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறிக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் ஃபால்கோன் அதைக் கோத்த அட்டைகளாக்கினார். நூற்றாண்டின் நடுவில் வோகான்சோன் அதைத் தானே ஓடச் செய்ய முயன்றார். மூன்றையும் சேர்த்து ஓடவைத்தவர் பெயரே நிலைத்தது. சேர்ப்பவன் பெயர் நிற்கும் என்ற விதிக்கு இதுவே முதல் மேற்கோள்.

காஞ்சியில் வேலை இப்படி நடக்கும்: டிசைன் வரைபவர் கட்டமிட்ட கிராப் தாளில் மயிலைக் கட்டம் கட்டமாக நிரப்புவார். அட்டை அடிப்பவர் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டையில் துளை குத்துவார். ஊடையின் ஓர் ஓட்டத்துக்கு ஓர் அட்டை. எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டிவிட்டால், மயில் முடிந்ததும் மீண்டும் மயில். இப்போது வரைவது கணினியில். சில தறிகளில் அட்டையே இல்லாத மின்னணுப் பெட்டியும் வந்துவிட்டது. ஆனால் ஒரு கட்டு அட்டை எத்தனை புடவைக்கு வேண்டுமானாலும் உழைக்கும் என்பது மாறவில்லை. அரக்கில் பச்சைக் கரை, மயில்கழுத்தில் ஊதாக் கரை, ஜரிகை கூட, ஜரிகை குறைய. அட்டை ஒன்றே, வாங்குபவளுக்கு ஒவ்வொன்றும் புதுப்புடவை. நிறத்தை வெளியிலிருந்து கொடு, வடிவத்தை உள்ளே வை என்பதை நிரலர்கள் நெடுங்காலம் விவாதித்துக் கண்டார்கள். பட்டுக்காரர்கள் விவாதிக்கவில்லை, விற்றார்கள்.

சூத்திரம் 2

எடுப்பார் ஐவர்: எண்ணி எடுப்பவர்,
படியெடுப் பவரே, பையோ டெடுப்பவர்,
உறையிட் டெடுப்பவர், ஒன்றும் எடாதவர்;
இறுதியர் எங்கும் உளரென மொழிப.

எண்ணி எடுப்பவர் என்றது, எடுக்குமுன் அதைப் படிப்பவரை. அவர் அருகிக் காணப்படுவராதலின் அவரைப் பற்றி விரித்துரைத்தல் வேண்டா.

படியெடுப்பவர் பெரும்பான்மையினர். வலையில் யாரோ இட்ட விடையிலிருந்து பத்து வரியை எடுத்து ஒட்டுவார். ஓடினால் மேலே போவார். ஓடாவிட்டால் அடுத்த விடையிலிருந்து இன்னும் பத்து வரி. இப்போது அதையும் அவர் தேடுவதில்லை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் யார் எழுதியது என்றே தெரியாத பத்து வரியை அது ஒட்டித் தருகிறது. எடுப்பவர்க்கும் எழுதியவர்க்கும் இடையே இருந்த கடைசி நன்றியுணர்வும் இதனால் தேவையற்றதாயிற்று.

பையோடு எடுப்பவர் தேதியை அழகாக எழுதும் ஒரு சிறு செயலுக்காக ஒரு பெரும் நூலகத்தையே இறக்குபவர். உறையிட்டு எடுப்பவர் பிறர் நிரலை நேரே தொடமாட்டார். அதைச் சுற்றித் தம் நிரலால் ஓர் உறை தைப்பார். பின்பு வருபவர் அந்த உறைக்கு ஓர் உறை தைப்பார். ஐந்தாண்டில் உள்ளே இருப்பது என்ன என்பது சிதம்பர ரகசியமாகும்.

ஒன்றும் எடாதவர் தனி இனம். "அவன் எழுதினதை நம்பி நாம வைக்க முடியாதுங்க, நானே எழுதிடறேன்" என்பது இவர் மந்திரம். எழுதுவதும் உண்டு. மூன்று மாதத்தில் எழுதி முடித்தபின் மற்றவர்கள் தம்முடையதை எடுத்தாளவில்லையே என்று வருந்துவார். இவரை இழித்துரைப்பது எளிது. ஆயினும், அலமாரியில் உள்ள ஒவ்வொரு சுருளும் ஒருகாலத்தில் இப்படி ஒருவர் அடம்பிடித்து எழுதியதே என்பதை உரைகாரர் மறக்கவில்லை.

சூத்திரம் 3

துண்டில் மிச்சம்; சேர்ப்பில் செலவே;
இரண்டும் கணக்கில் எழுதுநர் சிலரே.

இந்நூலின் தலையாய சூத்திரம் இது. ஏனையவற்றை மறந்தாலும் இதை மறவற்க.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில், நேட்டோ கூட்டிய மாநாட்டில், டக் மக்கில்ராய் ஒரு கனவை எடுத்துரைத்தார். மின்சாதனம் செய்பவர் பட்டியலைப் பார்த்து உறுப்புகளை வாங்குவதுபோல் மென்பொருள் செய்பவரும் வாங்க வேண்டும். சைன் கணக்கிட ஒரு துணைநிரல் போதாது, துல்லியத்துக்கு ஒன்று, விரைவுக்கு ஒன்று என வகைவகையாகக் கடையில் கிடைக்க வேண்டும். கனவு பாதி பலித்தது. கடை வந்தது, உலகின் எந்த மூலையிலிருந்தும் இலவசமாக இறக்கலாம். ஆனால் நிரலர்கள் மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பவில்லை. ஏன் எனின், காஞ்சிக்குப் போய்க் காட்டுதும்.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் வேறு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் அழுத்தமாக, ஒன்றின் சாயல் ஒன்றில் விழாமல் நிற்க வேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. உடலின் ஊடை கரையோரத்தில் மடங்கும்போதெல்லாம் கரையின் ஊடை அதைக் கோத்துத் திரும்ப வேண்டும். நெய்பவர் ஒருவரால் முடியாது. பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். உடலை நெய்ய ஆள் உண்டு, கரைக்கு அட்டை உண்டு. இரண்டும் முன்பே தெரிந்த வேலை. நேரத்தைத் தின்பது அவை சந்திக்கும் அந்த ஓரம். அந்தச் சந்திப்பை மறைக்கத்தான் கோபுரம் கோபுரமாக ரேக்கு ஓடவிடுகிறார்கள். மறைக்க வந்தது அழகாகி, இப்போது அதற்கே விலை.

முந்திக்கு இன்னொரு சேர்ப்பு, பிட்னி. உடல் முடிந்து முந்தி தொடங்குமிடத்தில் பாவின் நிறமே மாற வேண்டும். பழைய பாவிழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவிழை ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை, இழைக்கு இழை, கையால். சேர்ந்த இடத்தில் இரு நிறமும் சிறிது கலந்து நிற்கும். அந்தப் பட்டையைப் பார்த்தே இது பிட்னி என்று தெரிந்தவர் சொல்லிவிடுவார். இந்தப் பாடு பட முடியாமல்தான் கோர்வைத் தறிகள் குறைந்துவருகின்றன. ஒற்றை நாடாவில் உடலும் கரையும் ஒன்றாக ஓடும் புடவை பெருகிவிட்டது.

நிரலுக்கு வருவோம். பணம் செலுத்தும் உறுப்பு ஒருவருடையது, பயனர் பட்டியல் இன்னொருவருடையது, அறிக்கை அச்சிடுவது மூன்றாமவருடையது. ஒவ்வொன்றும் தனித்தனியே நன்றாக ஓடும். ஒன்று தேதியை நாள்–மாதம் என்று தரும். மற்றது மாதம்–நாள் என்று வாங்கும். ஒன்று காசைப் பைசாவில் எண்ணும், மற்றது ரூபாயில். இழைக்கு இழை முடிவதற்கே நாலு பேர் நாலு வாரம். "எல்லாம் ரெடிமேடுதானே, இன்னும் என்ன பண்றீங்க?" என்று கேட்கும் மேலாளர் கோர்வைத் தறியருகே நின்றதில்லை என்க.

செலவு இன்னோரிடத்திலும் ஒளிந்திருக்கிறது. ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதிய நூலில் இதற்குக் கணக்குச் சொன்னார். தன் தேவைக்கு மட்டும் எழுதிய நிரலைப் பிறரும் எடுத்தாளும் பண்டமாக்க மும்மடங்கு உழைப்பு. பெரிய அமைப்பின் உறுப்பாக்க இன்னொரு மும்மடங்கு. இரண்டும் வேண்டுமாயின் ஒன்பது மடங்கு. அட்டை அடிப்பவரும் இதை ஒப்புவார். 240 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டை 120 கொக்கிப் பெட்டியில் ஏறாது. அட்டை நல்லதா என்று கேட்பது அரைக் கேள்வி. எந்தப் பெட்டிக்கு நல்லது என்பதே முழுக் கேள்வி.

இதனால் உற்பத்தித்திறன் எப்படி அளக்கப்படும் எனின், அளக்கவே வேண்டா என்பது ஒரு சாரார் கருத்து. 1982-இல் ஆப்பிள் நிறுவனத்தில் லிசா கணினிக்கு நிரல் எழுதியவர்கள் வாரந்தோறும் எத்தனை வரி எழுதினோம் என்று படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, விரைவாக்கி, இரண்டாயிரம் வரிகளைக் குறைத்திருந்தார். படிவத்தில் −2000 என்று நிரப்பிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மறுபயன் நன்றாக நடந்தால் கணக்கு எதிர்மறையில்தான் வரும் என்பது இதனால் பெறப்பட்டது.

சூத்திரம் 4

குற்றம் பத்தென்ப கற்றோர், அவற்றுள்
நாலே ஈண்டு நவிலப் படுமே;
ஏனை ஆறும் எங்குழு அறியும்.

பத்தாவன நன்னூலார் கூறிய நூற்குற்றங்கள். நூலுக்குச் சொன்னவை நிரலுக்கும் இவ்வளவு பொருந்துவது கண்டு உரைகாரர் வியந்து ஒரு நாள் விடுப்பு எடுத்தார்.

கூறியது கூறல்: ஒரே வரிகளை ஏழு இடத்தில் ஒட்டி, ஆறு இடத்தில் திருத்துவது. இக்குற்றத்துக்கு உலக அளவிலான மேற்கோள் ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய வழக்கம். இடம் மிச்சம் என்று எவரோ தொடங்கியதை எண்ணற்ற நிரல்களில் படியெடுத்தார்கள். 2000 பிறக்குமுன் அத்தனையையும் தேடித் திருத்த வேண்டி வந்தது. ஒட்டியவர்கள் கடல்கடந்து இருந்தார்கள். வரிவரியாகத் தேடித் திருத்தியவர்களில் சென்னையிலிருந்த நம் பிள்ளைகளும் உண்டு. ஒருவன் குற்றம் இன்னொருவனுக்கு விசா ஆவதும் உண்டென்க.

மிகைபடக் கூறல்: தானே இரண்டு நிமிடத்தில் எழுதக்கூடியதற்கும் பிறரைச் சார்ந்திருப்பது. எழுத்துத் தொடரின் இடப்புறம் இடைவெளி நிரப்பும் லெஃப்ட்-பேட் என்ற உறுப்பு 11 வரி. 2016 மார்ச் 22 அன்று அதை எழுதியவர் ஒரு பெயர்த் தகராற்றில் கோபித்துக்கொண்டு, தம் உறுப்புகளையெல்லாம் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். உலகெங்கும் பெரிய பெரிய நிரல்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் கிடங்குக்காரர்களே அதைத் திரும்ப வைத்தார்கள். பதினோரு வரிக்குப் பின்னால் இவ்வளவு பேர் நின்றிருந்தது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

மாறுகொளக் கூறல்: நாம் எடுத்த ஓர் உறுப்பு, மூன்றாம் உறுப்பின் ஒன்றாம் பதிப்பைக் கேட்கும், இன்னோர் உறுப்பு அதன் இரண்டாம் பதிப்பைக் கேட்கும். இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க முடியாது. விரிக்கின் அழுகை வரும்.

நின்று பயன் இன்மை: இதற்கு விண்ணளவு மேற்கோள் உண்டு. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து முதல் ஏரியான் 5 ஏவுகணை கிளம்பியது. திசையும் வேகமும் சொல்லும் கருவியின் நிரலை ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்தாண்டிருந்தார்கள். அதில் ஒரு பகுதியின் வேலை, கிளம்புமுன் கருவியைச் சரிபார்த்து நேர்செய்வது. ஏரியான் 4-இல் அது கிளம்பியபின்னும் சிறிது நேரம் ஓட ஒரு காரணம் இருந்தது. ஏரியான் 5-இல் அக்காரணம் இல்லை, ஆனால் நிரல் ஓடியது. புதிய கணை பழையதைவிடப் பக்கவாட்டில் விரைவாகப் போவது. பெரிய எண்ணைப் பிடிக்க 64 பிட் இடம். அதை 16 பிட் இடத்தில் அடைக்கப் பார்த்து நிரல் நின்றுபோனது. மாற்றுக் கருவி இருந்ததே எனின், அதிலும் அதே நிரல். அதுவும் அதே காரணத்தால் நின்றது. ஏறி 40 வினாடிக்குள் கணை சிதறியது. நிரலில் பிழை உண்டோ எனின், ஏரியான் 4-இல் இல்லை. மேற்சூத்திரத்தில் பெட்டி மாறிய அட்டை என்றது இதனையே.

நாலே என்றாராயினும் தேற்றேகாரத்தைத் தளர்த்தி ஐந்தாவதொன்றும் கொள்க. உரைகாரருக்கு அந்த உரிமை உண்டு. அது சென்று தேய்ந்து இறுதல். எழுதியவருக்குக் கல்யாணமாகும், வேலை மாறும், ஆர்வம் போகும். நிரல் அலமாரியில் அப்படியே இருக்கும், எடுப்பவர்கள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், பழுது பார்க்க ஆளிருக்காது.

ஒழிபு

கூலி பற்றி எந்த இலக்கண ஆசிரியரும் சூத்திரம் செய்யவில்லை. ஆகவே உரையில் சொல்கிறோம். ஒரு கட்டு அட்டை எத்தனை புடவை நெய்தாலும், மயிலை முதலில் கட்டத்தில் நிரப்பியவருக்கு ஒருமுறைதான் கூலி. நல்ல கரை ஒன்று சந்தைக்கு வந்தால், அதைப் பார்த்து வரைந்து விசைத்தறியில் நெய்து மலிவாக விற்க நாளாகாது. காஞ்சிப் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுக் காப்பு உண்டு. அந்த மயிலை வரைந்தவர் பெயருக்கு எதுவுமில்லை.

பொது அலமாரியிலும் இதே கதை. இணையப் பரிமாற்றத்தைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற உறுப்பில் 2014-இல் பெருந்துளை ஒன்று கண்டபோது, உலகின் பெரும் நிறுவனங்கள் சார்ந்திருந்த அந்நிரலை ஒரு கைப்பிடி ஆட்களே காத்துவந்தது தெரியவந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற உறுப்பிலும் அப்படி ஒரு துளை. அதைப் பேணியவர்கள் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்தவர்கள். திட்டியவர்கள் சம்பளம் வாங்கும் நேரத்தில் திட்டினார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் உறுப்பில், களைத்துப்போன பராமரிப்பாளருக்கு ஆண்டுக்கணக்கில் உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளவாசல் வைத்திருந்தது பிடிபட்டது. பிடித்தவர் ஒரு நிரலர். தம் கணினியில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று நோண்டிப் பார்த்தவர். எண்ணி எடுப்பவர் அருகியேனும் உளர் என்று மேலே சொன்னதற்கு இவரே சான்று.

தமிழுக்கும் இதில் கடன் உண்டு. 'கொ' என்று தட்டினால் ககரத்தின் இருபுறமும் ஒரு குறியைப் பிரித்து வைக்க வேண்டும். கணினிக்குள் அது ககரத்தின் பின்னால் ஒரே குறியாக இருக்கிறது. பிரித்து வைக்கும் வேலையை ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபிஸ் யாவற்றிலும் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஒரே உறுப்பு. தென்னேரியில் கைப்பேசியில் பால் கணக்கு எழுதுபவரும் டொராண்டோவில் மின்னஞ்சல் எழுதுபவரும் 'கொடு' என்று எழுத அதையே எடுத்தாளுகிறார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தமிழுக்கென்று தனியே எழுதியிருந்தால் பாதிக்கு மேற்பட்டவை கொம்பைத் தவறான பக்கத்தில் வைத்திருக்கும். வைத்ததும் உண்டு, பழைய கைப்பேசிகளில் கொம்பு இடம்மாறித் தமிழ் வந்த காலத்தைக் கண்டவர்களுக்குச் சான்று வேண்டா.

புறனடை

ஈண்டுச் சொல்லா தனவும் உளவெனின்
தாமே எழுதிப் பொதுவில் வைக்க;
வைத்தபின் வரூஉம் வினாவிற் கெல்லாம்
விடையிறுத் தலும்தம் வினையென அறிக.

விடை இறுக்க இயலாதார் 'இது பேணப்படுவதில்லை' என்று முதல் வரியில் எழுதிவைக்க. அதை எவரும் படியாமல் எடுப்பர்; ஆயினும் எழுதிவைத்தல் மரபு.